தளபதி வீட்டு மீட்டர்

நகரங்கள் குடித்த நீர் – 17

சென்ற இதழில் பொலிவியாவின் கொச்சபம்பா நகரத்தைப் பார்த்தோம். ஊராரை ஒரு வார்த்தை கேட்காமல் குடிநீரைத் தனியார் கையில் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. அதைப் படித்த வாசகர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். தனியாரை விரட்டிவிட்டால் போதுமா? அரசு வாரியம் என்றால் குழாயில் தானாகத் தண்ணீர் வந்துவிடுமா?

வந்துவிடாது. அரசின் கையில் இருந்தபடியே செத்துக் கிடந்த ஒரு வாரியம் உண்டு. அரசின் கையில் இருந்தபடியே அது எழுந்தும் நின்றது. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் குடிநீர் வாரியம் அது.

ஆள் இல்லாத நகரம்

மேக்கொங், தொன்லே சாப், பாசாக் ஆறுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது புனோம் பென். ஆற்றில் தண்ணீருக்குக் குறைவே இல்லாத ஊர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1895-ல், அங்கே குழாய்த் தண்ணீர் தொடங்கியது. 1960-களின் கடைசியில் நகரத்தின் சுத்திகரிப்பு நிலையங்கள் நாளொன்றுக்குச் சுமார் 15 கோடி லிட்டர் தரக்கூடிய திறனோடு இருந்தன. அன்றைய தென்கிழக்கு ஆசியாவில் அது தலைநிமிர்ந்து நின்ற ஏற்பாடு.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படைகள் நகருக்குள் நுழைந்தன. நகரம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. சில நாட்களுக்குள் மொத்த மக்களையும் வயல்வெளிக்கு விரட்டினார்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களுக்கும் அதே கதிதான். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் புனோம் பென் வெறிச்சோடிக் கிடந்தது. படித்தவர்களைத் தேடிக் கொன்ற ஆட்சி அது. குழாய் எங்கே போகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்று அறிந்த பொறியாளர்களிலும் தொழிலாளர்களிலும் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் கொலைக்களத்திலும் மாண்டார்கள். வரைபடங்களும் அழிந்தன.

1979 ஜனவரியில் அந்த ஆட்சி வீழ்ந்ததும் மக்கள் திரும்பினார்கள். தங்கள் பழைய வீட்டுக்கு வந்தவர்கள் குறைவு. கிடைத்த வீட்டில் குடியேறினார்கள். கிடைத்த குழாயில் பிடித்துக்கொண்டார்கள். யார் வீடு, யார் இணைப்பு என்று கேட்க ஆளில்லை. 1991-ல் பாரிஸ் அமைதி உடன்படிக்கை, 1993-ல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் என்று நாடு மெல்ல மூச்சுவிடத் தொடங்கியபோது, குடிநீர் வாரியத்தின் நிலை இதுதான்: உற்பத்தி நாளொன்றுக்கு 6.5 கோடி லிட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. நகரத்தில் நால்வரில் ஒருவருக்குத்தான் குழாய்த் தண்ணீர். அதுவும் நாளில் பத்து மணி நேரம்தான். சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போனது. ஒரு பகுதி ஒழுகியது, மீதி திருடு போனது. வசூலிக்க வேண்டிய கட்டணத்தில் பாதிகூட வசூலாகவில்லை.

குழாயில் அழுத்தம் இல்லாததால் வசதி உள்ளவர்கள் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டிச் சம்ப் கட்டினார்கள். மட்டம் தாழ்ந்த தொட்டிக்குள் தண்ணீர் தானாக இறங்கும். அங்கிருந்து மோட்டார் போட்டு ஏற்றிக்கொள்வார்கள். அப்படி ஒவ்வொரு சம்ப்பும் தெருவின் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தது. மாடியில் இருந்தவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் விலைக்கு வாங்கினார்கள். குடிசையில் இருந்தவர்கள் தெரு வியாபாரியிடம் வாங்கினார்கள்.

எக் சொன் சான்

1993-ல் இந்த வாரியத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் எக் சொன் சான். பொறியியல் படித்தவர். கெமர் ரூஜ் காலத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்துத் தப்பிப் பிழைத்தவர். 1979-க்குப் பிறகு நகராட்சி வேலைகளில் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர். குடிநீர் வாரியத்தில் உட்கார்ந்ததும் அவர் கண்டது, வேலைக்கு வருவதும் வராததும் ஒன்றாக இருந்த ஓர் அலுவலகம். மாதச் சம்பளம் 20 டாலர் அளவில் இருந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் ஊழியர்களில் சிலர் வாரியத்தின் பொருளையே விற்றுப் பிழைத்தார்கள். கள்ள இணைப்பு ஒன்றுக்கு ஆயிரம் டாலர் வரை கைமாறியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நிதி கேட்டு ஓடுவதற்கு முன்பே அவர் செய்த முதல் வேலை, வீடு வீடாக ஆள் அனுப்பியது. நம்மிடம் தண்ணீர் வாங்குபவர் யார், எங்கே இருக்கிறார், எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் சொன்னார். சுமார் நூறு ஊழியர்கள் ஓராண்டு தெருத் தெருவாக நடந்தார்கள்.

வாரியத்தின் பதிவேட்டில் 26,881 இணைப்புகள் இருந்தன. கணக்கெடுப்பு முடிந்தபோது அவற்றில் பாதிக்கு மேல் தரையில் இல்லை. போரில் இடிந்த வீடுகள், செத்துப்போனவர்களின் பெயர்கள். இன்னொரு பக்கம், பதிவேட்டில் இல்லாத பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. இல்லாதவருக்கு பில் போனது. இருப்பவருக்கு பில்லே போகவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் அந்த நகரம் பட்ட பாடு அத்தனையும் அந்தப் பதிவேட்டில் தெரிந்தது.

ஒரு வாரியத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதும் குறைதீர்க்கும் நாள் வைப்பதும் நல்லவைதான். ஆனால் யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறோம் என்றே அறியாத வாரியம் யாரைக் கூப்பிட்டு என்ன கேட்கும்?

துப்பாக்கிக்கு முன்னால்

கணக்கெடுப்புக்குப் பிறகு மீட்டர். 1993-ல் எட்டு இணைப்புகளில் ஒன்றுக்குத்தான் மீட்டர் இருந்தது. மற்றவர்களுக்குக் குத்துமதிப்பான தொகை. எல்லா வீட்டுக்கும் மீட்டர், பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம், கட்டாவிட்டால் இணைப்புத் துண்டிப்பு என்று சான் அறிவித்தார்.

சாதாரணக் குடும்பங்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டன. பெரிய இடங்கள் ஏற்கவில்லை. அமைச்சகங்கள், படை முகாம்கள், அதிகாரிகளின் மாளிகைகள் என்று அதிகமாகத் தண்ணீர் பிடித்தவர்கள் எவரோ, ஒரு காசும் கட்டாதவர்களும் அவர்களே.

படைத் தளபதி ஒருவரின் வீட்டில் மீட்டர் பொருத்தப் போன ஊழியர்களை உள்ளே விடவில்லை. சான் தாமே போனார். தளபதி துப்பாக்கியை எடுத்து அவர் தலைக்கு நேரே நீட்டினார். சான் அங்கிருந்து திரும்பினார். திரும்பிப் போய்ச் சும்மா இருந்துவிடவில்லை. ஆயுதம் ஏந்திய காவலர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வீட்டின் இணைப்பைத் துண்டித்தார். கடைசியில் தளபதி இறங்கி வர வேண்டியதாயிற்று. பல பேட்டிகளில் சான் இதைச் சொல்லியிருக்கிறார்.

இதை ஒரு தனி மனிதரின் துணிச்சலாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இரவல் காவலர்களோடு அவர் அங்கே போக முடிந்தது என்றால், மேலிடத்து ஆதரவு அவருக்கு இருந்தது என்று பொருள். அன்றைய பிரதமர் ஹுன் சென் அந்த வாரியத்தின் பின்னால் நின்றார். அரசு அலுவலகங்களும் தண்ணீர்க் கட்டணம் கட்டியாக வேண்டும் என்ற நிலை அதனால்தான் வந்தது. அந்த ஆதரவு இல்லாத ஊரில் இன்னொரு சான் துண்டிக்கப் போயிருந்தால் துண்டிக்கப்பட்டிருப்பது அவர் வேலைதான்.

ஆனால் அந்தத் துண்டிப்பின் பலன் அந்த ஒரு வீட்டோடு நிற்கவில்லை. தளபதி வீட்டிலும் மீட்டர் ஓடுகிறது என்ற செய்தி தெருவுக்கு வந்தது. பெரியவர் கட்டாதபோது நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்ற நியாயமான கேள்விக்கு அன்று விடை கிடைத்தது.

ஊழியர் கையில் இருந்த சாவி

கள்ள இணைப்பு கொடுத்தவர்கள் வாரியத்துக்குள்ளேயே இருந்தார்கள். சான் அவர்களைத் தண்டித்தார், சிலரை வேலையிலிருந்து நீக்கினார். கள்ள இணைப்பைக் காட்டிக்கொடுக்கும் பொதுமக்களுக்குப் பரிசும், பிடிபட்டவர்களுக்கு அபராதமும் வைத்தார். அதோடு நின்றிருந்தால் பயம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வருவாய் உயர உயர அவர் சம்பளத்தையும் உயர்த்தினார். நேர்மையாக வேலை செய்தால் குடும்பம் நடத்தலாம் என்ற நிலை வந்தது. நன்றாக வேலை செய்த பிரிவுக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. மேல்பதவிகளில் இளைஞர்கள் பொறுப்புக்கு வந்தார்கள், தொடர்ந்து பயிற்சி பெற்றார்கள்.

1996 டிசம்பரில் அரசாணை ஒன்றின் மூலம் வாரியம் தன்னாட்சி பெற்ற பொது நிறுவனம் ஆனது. வருவாயை நகராட்சியின் பொதுக் கணக்கில் கரைக்காமல் தானே வைத்து, தானே ஆளெடுத்து, தானே திட்டமிடும் உரிமை அதற்குக் கிடைத்தது. அதன் இயக்குநர் குழுவில் அமைச்சகங்கள், நகராட்சி ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு ஊழியர்களின் பிரதிநிதிக்கும் ஓர் இடம் இருந்தது.

ஒழுகலைப் பிடித்த கதை தனியே சொல்ல வேண்டியது. பிரான்ஸ், ஜப்பான், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் உதவியோடு பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைத் தோண்டி எடுத்துப் புதியவை போட்டார்கள். நகரத்தைச் சிறுசிறு வட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எவ்வளவு போகிறது, வீட்டு மீட்டர்களில் எவ்வளவு பதிவாகிறது என்று ஒப்பிட்டார்கள். எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கே ஒழுகல். ஊர் தூங்கும் இரவு நேரத்தில் அதிகம் பேர் குழாய் திறப்பதில்லை. அப்போதும் குழாயில் ஓட்டம் அதிகமாக இருந்தால் அது மண்ணுக்குள் போகிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கண்காணிப்பை நுணுக்கமாக அமைத்துக்கொடுத்தவர்கள் ஜப்பானின் கிட்டாக்கியூஷு நகரக் குடிநீர் வாரியத்தார். 1999 முதல் அவர்களின் வல்லுநர்கள் புனோம் பென் வந்து ஊழியர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். ஒழுகல் பற்றித் தகவல் வந்தால் உடனே கிளம்ப, இரவு பகலாக ஒரு குழு தயாராக இருந்தது.

ஏழையின் கணக்கு

கட்டணம் உயர்த்தினால் ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்பது எல்லா நகரங்களிலும் சொல்லப்படும் வாதம். அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் குழாய் இணைப்பு உள்ளவர்கள். புனோம் பென்னின் குடிசைவாசிகளுக்கு இணைப்பே இல்லை. அவர்கள் தெரு வியாபாரியிடம் நாளொன்றுக்கு ஆயிரம் ரியெல் (கம்போடிய நாணயம்) வரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதம் முப்பதாயிரம். குழாய் வந்த பிறகு அதே குடும்பங்களின் மாத பில் சுமார் ஐயாயிரம் ரியெல். ஆறில் ஒரு பங்கு.

அப்படியானால் அவர்கள் ஏன் இணைப்பு வாங்கவில்லை? மாதா மாதம் கட்டுவது அவர்களுக்குப் பாரமில்லை. முதலில் ஒரே தொகையாகக் கட்ட வேண்டிய இணைப்புக் கட்டணம்தான் வாசலை மறித்த சுவர். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் குடும்பத்துக்கு மொத்தத் தொகை எங்கிருந்து வரும்?

1999 முதல் வாரியம் அந்தச் சுவரை உடைத்தது. இணைப்புக் கட்டணத்தைப் பல மாதத் தவணையில் கட்டலாம் என்றது. மிக வறிய குடும்பங்களுக்கு 30 சதவீதம், 50 சதவீதம், 70 சதவீதம், முழுவதும் என்று படிப்படியான மானியம் கொடுத்தது. யாருக்கு எந்தப் படி என்று தீர்மானிக்க வாரிய ஊழியர்கள் வீட்டுக்கே போய், உள்ளூர்ப் பொறுப்பாளர்களோடு பேசி, வீட்டின் நிலையையும் வருமானத்தையும் பார்த்தார்கள். தொடங்கிய ஆண்டில் நூறு குடும்பங்களைத்தான் இது எட்டியது. பத்தாண்டுகளுக்குள் பதினேழாயிரத்தைத் தாண்டியது.

தண்ணீர்க் கட்டணத்திலும் அதே நோக்கம் இருந்தது. 2001-ல் வந்த கட்டண அட்டவணைப்படி, மாதம் முதல் 7,000 லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் ஒன்றுக்கு 550 ரியெல். அதற்கு மேல் 15,000 லிட்டர் வரை 770. அதற்கு மேல் 1,010. 50,000 லிட்டரைத் தாண்டினால் 1,270. குறைவாகப் பிடிப்பவருக்குக் குறைந்த விலை, நீச்சல் குளம் வைத்திருப்பவருக்குக் கூடிய விலை. அரசு அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் தனி விகிதம்.

கட்டணத்தை மூன்று படிகளாக உயர்த்துவது என்பதுதான் முதலில் போட்ட திட்டம். 1997-ல் ஒரு படி, 2001-ல் இரண்டாவது. மூன்றாவது படிக்கு அவசியமே வரவில்லை. திருட்டும் ஒழுகலும் நின்று வசூல் ஒழுங்கானதும் இருந்த கட்டணமே செலவுக்குப் போதுமானதாகிவிட்டது. உயர்த்தப் போகிறோம் என்று சொன்னதை ஒரு வாரியம் தானாகவே கைவிட்டது. இந்தத் தொடருக்காக நான் படித்த நகரங்களில் இப்படி ஒன்றை வேறெங்கும் பார்க்கவில்லை.

பதினைந்து ஆண்டுகளில்

2009 வாக்கில் நிலைமை இது. உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர். இணைப்புகள் சுமார் 1.9 லட்சம். நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்குக் குழாய்த் தண்ணீர், இருபத்துநான்கு மணி நேரமும். குழாயிலிருந்து நேராகக் குடிக்கும் தரம். கணக்கில் வராத நீர் 72 சதவீதத்திலிருந்து 6 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. பணக்கார நாடுகளின் பல பெருநகரங்கள் எட்டாத எண் அது. ஆயிரம் இணைப்புக்கு 22 ஊழியர் என்றிருந்தது நான்குக்கும் கீழே வந்தது. யாரையும் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பி இதை எட்டவில்லை; இணைப்புகள் பெருகியதால் வந்த விகிதம் இது. பில் வசூல் ஏறத்தாழ முழுமை.

2006-ல் எக் சொன் சான் மகசேசே விருது பெற்றார். 2010-ல் வாரியத்துக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது கிடைத்தது. 2012 ஏப்ரலில் கம்போடியப் பங்குச் சந்தையில் வணிகம் தொடங்கியபோது அதில் முதன்முதலாகப் பட்டியலிடப்பட்ட நிறுவனம் இந்தக் குடிநீர் வாரியம்தான். 15 சதவீதப் பங்குகள் மட்டுமே விற்கப்பட்டன. மீதி அரசிடமே இருந்தது.

சேராத இடங்கள்

இந்த வெற்றியைச் சொல்லும்போது அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, இயக்குநர் குழுவில் அமைச்சகத்துக்கும் நகராட்சிக்கும் ஊழியருக்கும் இடம் இருந்தது. தண்ணீர் குடிப்பவருக்கு இல்லை. ஒரு நல்ல தலைவரும் அவருக்குப் பின்னால் ஒரு வலுவான பிரதமரும் இருந்ததால் மக்களின் நலன் காக்கப்பட்டது. நல்லவர் இல்லாதபோது எது காக்கும் என்ற கேள்விக்கு அந்த அமைப்பில் விடை எழுதப்படவில்லை.

இரண்டாவது, வாரியத்தின் நியாயம் குழாய் போகும் எல்லை வரைதான். 2006-ல் பாசாக் ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, நகரத்துக்கு வெளியே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி அன்டோங் என்ற இடத்தில் விடப்பட்டன. அப்போது அங்கே குழாய் இல்லை, கழிவறையும் இல்லை. மறுபடியும் விலைக்குத் தண்ணீர். ஒரு கையால் ஏழைக்கு மானிய இணைப்பு கொடுத்த அரசு, மறுகையால் அவர்களைக் குழாய் எட்டாத இடத்துக்குத் தள்ளியது. குடிநீர் வாரியம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் நகரத்தின் நிலக் கொள்கை அநியாயமாக இருந்தால் ஏழையின் குடம் காலியாகவே இருக்கும்.

மூன்றாவது, நகரம் வாரியத்தைவிட வேகமாக வளர்ந்தது. 2010-களில் புறநகர்களில் அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் பெருகியபோது, பல பகுதிகளில் குழாயின் அழுத்தம் மறுபடி குறைந்தது. 2013-ல் நிரோத் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டும் தேவை அதைத் தாண்டி ஓடியது. ஒருமுறை சரிசெய்துவிட்டு விட்டுவிடும் வேலை இது இல்லை.

அரசா, தனியாரா என்று சண்டையிடுவதில் உலகம் முப்பது ஆண்டுகளைச் செலவழித்துவிட்டது. புனோம் பென்னில் உரிமை கைமாறவில்லை. ஆற்றிலும் தண்ணீர் கூடவில்லை. மாறியது ஒன்றுதான்: வாரியம் தன் மக்களை ஒவ்வொருவராக அறிந்துகொண்டது, அறிந்த பிறகு தளபதிக்கும் குடிசைக்காரருக்கும் ஒரே விதியை வைத்தது, விதியை நிறைவேற்ற முடியாதவருக்குப் படி அமைத்துக் கொடுத்தது. தண்ணீர் ஒழுங்காக வந்தபோது மக்கள் ஒழுங்காகக் கட்டினார்கள். மக்கள் கட்டமாட்டார்கள் என்று சொல்லும் எந்த அதிகாரியும், முதலில் கட்டாத பெரிய இடங்களின் பட்டியலை எடுத்து வைத்துவிட்டுப் பேசட்டும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவது தண்ணீர் குடிக்கும் நம் ஒவ்வொருவரின் உரிமை.

அடுத்த இதழில்: 1997-ல் ஒரே நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக்கி இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்த மணிலா.

(தொடரும்)